காசு நிக்க மாட்டேங்குதா? ஓட்டை எங்கன்னு பார்த்து அடைக்கிற வழி, மலையில குடும்பம் நடத்துறவங்களுக்கு

காசு பத்தலைன்னு ஆனதும் நாம எல்லாரும் முதல்ல கை வைக்கிறது பால்லயும் முட்டையிலயும் தான். நானும் அதைத்தான் பண்ணேன். கோத்தகிரி பக்கம் எங்களுக்கு முக்கா ஏக்கர் தேயிலை, வீட்டுக்காரரு இன்னொருத்தரோட டூரிஸ்ட் வேன் ஓட்டுறாரு, ரெண்டு பிள்ளைங்க, மாமியார். ஒரு வருஷம் எலை விலையும் படுத்துடுச்சு, வண்டி ஓட்டமும் இல்ல, உடனே அரை லிட்டர் பாலை நிறுத்திட்டேன், மாசம் 700 ரூபா மிச்சம்னு மனசுக்குள்ள ஒரு நிம்மதி. நாலு மாசம் கழிச்சு உக்காந்து எழுதிப் பார்த்தா ரெண்டு தண்டலுக்கு (தினம் கட்டி அடைக்கிற கடன்) மட்டும் மாசம் 900 ரூபா வட்டியா போயிட்டு இருந்திருக்கு. பிள்ளைங்க கட்டங்காப்பி குடிச்சுட்டு ஸ்கூல் போனது அந்த வட்டிக்காக. அதை இப்ப நினைச்சாலும் தொண்டை அடைக்குது.

அதனால தான் இதை எழுதுறேன். எடுத்ததும் செலவைக் குறைக்காதீங்க. என்ன கோளாறுன்னு பார்த்துட்டு அந்த இடத்துல மட்டும் கை வைங்க. கீழ ஒவ்வொரு தலைப்பும் நாம வாயால சொல்ற ஒரு புலம்பல், உங்களுது எதுவோ அதுக்கு நேரா போங்க, எல்லாத்தையும் படிக்கணும்னு இல்ல.

ஒண்ணே ஒண்ணு எல்லாருக்கும் பொது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஒரு மாசம் எல்லாத்தையும் எழுதணும், டீக்கடையில குடுத்த பத்து ரூபாயும் சேர்த்து. எழுதுற மாசத்துல எதையும் மாத்த வேணாம், திட்டவும் வேணாம், எழுதுறது மட்டும் தான்.

"பணம் வந்த பத்தாம் நாளே கை காலி"

முதல்ல இதைப் பாருங்க: வந்த பணம் உண்மையிலயே இந்த மாசத்து பணமா? எங்க ஊர்ல பாதிப் பேருக்கு எலைப் பணம் கைக்கு வரும்போதே அதுல பேக்டரி அட்வான்ஸ் கழிஞ்சிருக்கும், உரத்துக்கு வாங்குனது கழிஞ்சிருக்கும், மிச்சத்தை மளிகைக் கடை பற்று நோட்டுல கட்டிட்டு வெளிய வந்தா பஸ்ஸுக்குத் தான் காசு இருக்கும். இது செலவாளித்தனம் கிடையாது. போன மாசத்து சாப்பாட்டுக்கு இந்த மாசம் காசு குடுக்கிறோம், ஒரு மாசம் பின்னாடி ஓடிட்டு இருக்கோம், அவ்வளவு தான். ஒரே நாள்ல முன்னாடி வர முடியாது. நான் பண்ணது, பற்று நோட்டுல எவ்வளவு நிக்குதோ அதுல பத்துல ஒரு பங்கை மாசா மாசம் கூடுதலா கட்டுனேன், புதுசா கடன் வாங்குறதை அரிசி, எண்ணெய், பருப்போட நிறுத்திக்கிட்டேன், பிஸ்கட்டும் சோப்பும் காசு குடுத்தா தான் வரும்னு கடைக்கார அண்ணன்கிட்டயே சொல்லிட்டேன். பதினோரு மாசம் ஆச்சு நோட்டு நேராக.

அட்வான்ஸ் வாங்கறவங்க இன்னொண்ணையும் பாருங்க. அட்வான்ஸ் நிக்கிற வரைக்கும் வேற பேக்டரிக்கோ வேற ஏஜெண்டுக்கோ எலை போட முடியாது, பக்கத்து பேக்டரி கிலோவுக்கு ரெண்டு ரூபா கூட குடுத்தாலும் வேடிக்கை தான் பார்க்கணும். மழைக்காலத்துல ஈரத்துக்குன்னு கழிவு புடிப்பாங்க, அந்தக் கழிவு எத்தனை கிலோன்னு துண்டுச்சீட்டுல தினம் எழுதி வாங்குங்க. நாங்க ஒரு இடத்துல அதைக் கேக்காமயே விட்டுட்டோம், ஜூலை ஆகஸ்ட் ரெண்டு மாச சீட்டையும் பின்னாடி கூட்டிப் பார்த்தப்ப தான் எவ்வளவு போயிருக்குன்னு தெரிஞ்சுது, அப்ப போய் கேட்டு என்ன பிரயோஜனம். டீ போர்டு மாசா மாசம் பச்சை எலைக்கு சராசரி விலை அறிவிக்கும், அதை நோட்டுல ஒரு ஓரத்துல எழுதி உங்களுக்கு வந்த விலையோட வெச்சுப் பாருங்க.

அட்வான்ஸும் இல்ல பற்றும் இல்ல, ஆனாலும் காலின்னா, அது மாசக் கோளாறா இருக்காது, வருஷக் கோளாறு. கீழ ஊர்ல சம்பளக்காரங்களுக்கு பன்னெண்டு மாசமும் ஒரே மாதிரி. நமக்கு அப்படியா? நோட்டுல ஒரு பக்கத்துல பன்னெண்டு கோடு போடுங்க. எங்க வீட்டு பக்கம் இப்படித் தான் இருக்கு: ஜனவரியில உறைபனி விழுந்தா கொழுந்து கருகிடும், பிப்ரவரி மார்ச் வெயில், எலையே இருக்காது. ஏப்ரல் மே கோடை மழை பெஞ்சு எலையும் வரும், சீசன் வண்டி ஓட்டமும் வரும். ஜூன்ல ஸ்கூல் திறக்கும், வந்தது மொத்தமும் பீஸு, யூனிபார்ம், நோட்டு, ஷூன்னு போயிடும். ஜூலை ஆகஸ்ட் காத்தும் மழையும், டூரிஸ்ட் கம்மி. செப்டம்பர்லருந்து நவம்பர் வரை மறுபடி எலை, நடுவுல பூஜை லீவு ஓட்டம், தீபாவளி. டிசம்பர்ல லீவுக்கு ஆளு வருவாங்க, ஆனா ஊர்த் திருவிழா, கல்யாணம், செய்முறைன்னு அதுவும் நிக்காது. எலைப் பணம் ஒரு மாசம் தள்ளித் தான் வரும்ங்கறதையும் சேர்த்துப் போடுங்க.

இப்படிப் போட்டுப் பார்த்தா உங்களுக்கே தெரியும், பள்ளம் ரெண்டு இடத்துல தான் இருக்கு, எங்களுக்கு அது பிப்ரவரி-மார்ச், அப்புறம் ஜூலை-ஆகஸ்ட். மே மாசம் கையில இருக்கிற காசு மே மாசத்துது இல்ல, அதுல பாதி ஆகஸ்ட்டுக்குச் சேர்ந்தது. நான் மே மாசமும் அக்டோபரும் போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக் கணக்குல போட்டுடுவேன், வீட்டுக்கும் அதுக்கும் ரெண்டு கிலோமீட்டர், அந்த ரெண்டு கிலோமீட்டர் தான் அந்தக் காசைக் காப்பாத்துது. 2024 மே 7லருந்து ஐகோர்ட் உத்தரவுல நீலகிரிக்கு வர்ற வெளியூர் வண்டிங்களுக்கு இ-பாஸ் வந்ததுக்கு அப்புறம் சீசன் மேல முன்ன மாதிரி கண்ணை மூடி நம்பிக்கை வைக்க முடியல, அதனால சீசன் வருமானத்தைப் போன வருஷத்தை விட கால் பங்கு கம்மியாவே எழுதுறேன். கூட வந்தா சந்தோஷம்.

"கட்டிட்டே இருக்கோம், கடன் குறையவே மாட்டேங்குது"

இதுல தான் நிறைய குடும்பம் மாட்டிட்டு இருக்கு, அதனால கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

நூறு நாள் தண்டலை எடுத்துக்கோங்க. 10,000 கடன், கையில குடுக்கிறது 8,500, தினம் 100 ரூபா வீதம் நூறு நாள். "1,500 தானே, 15 பர்சன்ட் தானே"ன்னு தோணும். ஆனா அந்த 8,500 நூறு நாளும் உங்க கையில இல்லையே, முதல் நாள்லருந்தே திருப்பிக் குடுத்துட்டு தானே இருக்கீங்க. சராசரியா பார்த்தா பாதி, 4,250 பக்கம் தான் உங்ககிட்ட இருந்துச்சு. 4,250 ரூபாய்க்கு மூணேகால் மாசத்துல 1,500 வட்டி. வருஷக் கணக்குக்குப் போட்டா 120 பர்சன்ட் பக்கம் வரும். பேங்க்லயோ கூட்டுறவு சங்கத்துலயோ வாங்குற நகைக் கடன் அதுல பத்துல ஒரு பங்கு பக்கம் தான் இருக்கும். நான் காதுல இருந்த தோட்டை வெச்சு ரெண்டு தண்டலையும் ஒரே நாள்ல முடிச்சேன், மாமியார் அழுதாங்க, ஆனா அடுத்த வாரமே பால் திரும்ப வந்துச்சு. நகை வெக்கிறது அவமானம்னு நினைக்காதீங்க, பெட்டியில அது சும்மா தூங்குறப்ப வெளிய நாம 120 பர்சன்ட் கட்டிட்டு இருக்கோம், அது தான் வேதனை. ஒரே ஒரு கண்டிஷன், தண்டலுக்குக் கட்டிட்டு இருந்த அதே தினக்காசை எடுத்து வெச்சு நகைக் கடன் வட்டியை மாசா மாசம் கட்டணும். வருஷம் முடியற தேதியை நோட்டு முதல் பக்கத்துல எழுதணும், ஏலத்துக்குப் போற நகை எல்லாம் பெரும்பாலும் தேதி மறந்து போனது தான்.

அடுத்தது குழுக் கடன். "வட்டி 12 பர்சன்ட் தான் அக்கா"ன்னு சொல்வாங்க. எந்த 12னு கேளுங்க. 40,000 ரூபாய்க்கு ரெண்டு வருஷம், முழுத் தொகைக்கும் கடைசி வரை 12 போட்டா வட்டி 9,600, மாசம் 2,067 கட்டணும். குறையற பாக்கிக்கு வட்டி போடுற கணக்குல பார்த்தா இது 21 பர்சன்ட்டுக்கு மேல. ரெண்டையும் 12ன்னு ஒரே வார்த்தையில சொல்றது தான் சூட்சுமம். கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அட்டையில வருஷ வட்டி என்னன்னு காட்டச் சொல்லுங்க, காட்டணும்ங்கறது விதி.

விதின்னு சொன்னதால இதையும் சொல்லிடுறேன், ரிசர்வ் பேங்க் 2022 ஏப்ரல்லருந்து மைக்ரோ பைனான்ஸுக்கு, அதாவது இந்த மாதிரி குழுக் கடனுக்கு, போட்ட விதி. வருஷ வருமானம் 3 லட்சம் வரைக்கும் உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாம குடுக்கிற கடன் இது. வீட்டுல இருக்கிற எல்லாக் கடனோட தவணையும் சேர்ந்து மாச வருமானத்துல பாதியைத் தாண்டக் கூடாது. உங்க வீட்டுக்கு மாசம் 18,000 வருதுன்னா எல்லாத் தவணையும் சேர்ந்து 9,000க்குள்ள. முன்கூட்டியே அடைச்சா அபராதம் போடக் கூடாது. காலையில 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு அப்புறமும் வசூலுக்குன்னு போன் பண்ணவோ வீட்டுக்கு வரவோ கூடாது, அசிங்கமா பேசக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு வாசல்ல வந்து உக்காந்தா "9லருந்து 6க்குள்ள வாங்க"ன்னு சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு. முதல்ல அந்தக் கம்பெனிக்கே புகார் எழுதிக் குடுங்க, சரியா வரலைன்னா ரிசர்வ் பேங்க் உதவி நம்பர் 14448. தனி ஆளு கந்துவட்டி, மீட்டர் வட்டின்னு மிரட்டுனா அதுக்கு 2003லயே தமிழ்நாட்டுல தடைச் சட்டம் இருக்கு, போலீஸ்ல மனு குடுக்கலாம்.

போன்ல வர்ற கடன் ஆப் மட்டும் தொடவே தொடாதீங்க. போன்ல இருக்கிற நம்பர் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு, ஏழு நாள்ல கட்டலைன்னா சொந்தக்காரங்களுக்கு எல்லாம் போட்டோவை அனுப்பி மானத்தை வாங்குவாங்க. ஏற்கனவே மாட்டியிருந்தா இன்னொரு ஆப்ல வாங்கி அடைக்காதீங்க, வந்த மெசேஜை எல்லாம் அழிக்காம வெச்சுட்டு சைபர் குற்ற உதவி நம்பர் 1930க்குக் கூப்பிடுங்க. கடன் தொல்லையில மனசு ஒடிஞ்சு தப்பான நினைப்பு வந்தா 14416ன்னு இலவச நம்பர் இருக்கு, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். காசு எப்படியாவது திரும்ப சம்பாதிச்சுக்கலாம், நீங்க இருக்கணும்.

எதை முதல்ல அடைக்கிறது? வட்டி ரொம்ப எதுக்குப் போகுதோ அதை. சின்னக் கடனை முதல்ல முடிச்சா தெம்பு வரும்னு சொல்றவங்களும் இருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, தண்டல் நிக்கிறப்ப சொந்தக்காரரோட வட்டியில்லாத ரெண்டாயிரத்தை அடைச்சு என்ன ஆகப் போகுது. அவங்ககிட்ட நேர்ல போய் "இன்னும் ஆறு மாசம் ஆகும் சித்தி, மறக்கலை"ன்னு சொல்லிட்டு வந்துடுங்க, முகத்தைக் காட்டாம ஒளியறது தான் உறவை முறிக்கும்.

"கரண்ட் பில்லு திடீர்னு ஏறிடுச்சு"

குளிர் மாசத்து பில்லா? அப்ப மீட்டர் மேல சந்தேகப்படறதுக்கு முன்னாடி வெந்நீரைப் பாருங்க. மேட்டுப்பாளையத்துல குழாய்த் தண்ணி 26 டிகிரி பக்கம் இருக்கும், அதை 40 ஆக்கணும்னா ஒரு 15 லிட்டர் பக்கெட்டுக்கு கால் யூனிட் போதும். நம்ம ஊர்ல டிசம்பர்ல தண்ணி 12 டிகிரின்னு வெச்சுக்கோங்க, அதே பக்கெட்டுக்கு அரை யூனிட் ஆகும். நாலு பேரு தினம் குளிச்சா 2 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 120 யூனிட். ரூம் ஹீட்டர் இன்னும் மோசம், 2,000 வாட்ஸ் ஹீட்டர் ராத்திரி மூணு மணி நேரம் ஓடுனா 6 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 360. வீட்டுல மத்த எல்லாத்தையும் அணைச்சுட்டு உக்காந்தாலும் இது ஒண்ணு போதும்.

இந்த அளவு ஏன் முக்கியம்னா ரெண்டு மாசக் கணக்குல முதல் 100 யூனிட் இலவசம், 500ஐத் தாண்டாத வரைக்கும் அடுத்த 100 யூனிட்டும் சலுகை விலை தான், 2024 ஜூலைக்கு அப்புறம் யூனிட்டுக்கு 2.35. 501 ஆனா அந்தச் சலுகை போய் அதுவும் 4.70 ஆயிடும். அந்த ஒரு யூனிட்டுக்கு 235 ரூபா கூட, அதுக்கு மேல 600 வரைக்கும் வர்றது ஒவ்வொண்ணும் 8.40. அதனால 45 நாள் ஆனதும் நீங்களே மீட்டரைப் பாருங்க, 400 தாண்டி இருந்தா மிச்ச 15 நாளைக்கு ஹீட்டரை மூட்டை கட்டிடுங்க, ரெண்டு கம்பளி போத்திக்கலாம். ரீடிங் எடுக்க வந்த தேதியை வெள்ளை அட்டையில பாருங்க, 60 நாளைத் தாண்டி வந்திருந்தா யூனிட்டும் கூடத் தான் காட்டும், அதை ஆபீஸ்ல சொல்லுங்க.

சீகை மரத்து மிலாறு (காஞ்ச குச்சி) கெடைக்கிற வீட்டுக்கு பின்கட்டுல தண்ணி அடுப்பு போடுறது நல்லது, எங்களுது பழைய செம்பு பாய்லர், கவாத்து வெட்டுன தேயிலைக் குச்சியே நாலு மாசத்துக்கு வருது. ஆனா கையெடுத்துக் கும்பிட்டு சொல்றேன், குளிருக்குன்னு கரி அடுப்பை மூடின ரூமுக்குள்ள வெச்சுட்டு தூங்காதீங்க. அந்தப் புகையில வர்ற விஷவாயுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல, தூக்கத்துலயே உசுரு போயிடும். அஞ்சு ரூபா கரண்ட்டை மிச்சம் புடிக்க இந்த வேலை வேணவே வேணாம்.

"சிலிண்டர் ஒரு மாசம் கூட வர மாட்டேங்குது"

கோயமுத்தூர்ல இருக்கிற நாத்தனார் வீட்டுல ஒன்றரை மாசம் வருது, நமக்கு மட்டும் ஏன்னு நானும் ரொம்ப நாள் கேஸ்காரரை சந்தேகப்பட்டேன். மலையில தண்ணி 100 டிகிரி வரைக்கும் போகாது, உயரம் ஏற ஏற காத்தழுத்தம் குறையும், 2,240 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊட்டியில 93 டிகிரி பக்கமே கொதிச்சிடும், கோத்தகிரி குன்னூர்ல 94. கொதிக்குதேன்னு பார்த்துட்டே இருப்போம், பருப்பு வேகாது, எவ்வளவு தீ வெச்சாலும் சூடு அதுக்கு மேல ஏறாது, கேஸ் தான் ஆவியா போகும். அதனால இங்க குக்கர் இல்லாம பருப்பு, கடலை, கறி எதையும் வேக வெக்காதீங்க. நம்ம ஊர்ப் பக்கம் ஊற வெக்கிற நேரத்தையும் கூட்டணும், குளிர்ல பட்டாணி ராஜ்மா எல்லாம் ராத்திரி ஊற வெச்சாலும் காலையில கல்லு மாதிரி இருக்கும், வெந்நீர்ல போட்டு மூடி துணியில சுத்தி வைங்க. முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்ல வைங்க. குக்கர் கேஸ்கட் தளர்ந்து பக்கத்துல ஆவி போச்சுன்னா வேலைக்கே ஆகாது, அதை மாத்துற காசு ஒரே சிலிண்டர்ல திரும்பிடும்.

பனிக்காலத்துல தீ சின்னதா எரிஞ்சா சிலிண்டர் தீர்ந்துடுச்சுன்னு அவசரப்பட்டு மாத்தாதீங்க. குளிர்ல உள்ள இருக்கிற திரவம் ஆவியாகறது மந்தமாயிடும், அடியில இன்னும் இருக்கும், வெயில் வந்து சமையலறை சூடானதும் திரும்ப எரியும். ஆட்டிப் பார்த்தா கனம் தெரியும். அதுக்காக சிலிண்டரை வெந்நீர்ல வெக்கிறது, அடுப்புப் பக்கம் நகத்துறது எல்லாம் கூடவே கூடாது. உஜ்வாலா கனெக்‌ஷன்னா 300 ரூபா மானியம் எந்த அக்கவுண்ட்டுக்குப் போகுதுன்னு பாருங்க, நாம மறந்து போன பழைய அக்கவுண்ட்ல விழுந்துட்டு இருக்கும்.

"மொத்தமா வாங்கியும் மிச்சம் இல்ல"

மழைக்காலமா இருந்தா காரணம் ஈரம். ஜூன்லருந்து நவம்பர் வரைக்கும் நம்ம வீட்டுச் சுவரே வேர்க்கும், அஞ்சு கிலோ ரவையும் மைதாவும் வாங்கி வெச்சா பூஞ்சை புடிச்சு பாதி குப்பைக்குத் தான் போகும். ஈர மாசத்துல மாவு, ரவை, அப்பளம் எல்லாம் வாரத்துக்கு வாங்குங்க, அரிசியும் பருப்பும் மட்டும் மார்ச் வெயில்ல காய வெச்சு தகர டின்ல அடைச்சுக்கலாம். மேட்டுப்பாளையம் போய் மளிகை வாங்குனா மலிவுன்னு போறவங்க பஸ் காசு, சாப்பாடு, அன்னைக்குப் போன கூலி மூணையும் கழிச்சுப் பாருங்க. எனக்கு தனியா போனா ஒண்ணும் நிக்கல, நாலு வீடு சேர்ந்து ஒருத்தரை அனுப்புனப்ப நின்னுச்சு.

ரேஷனை விட்டுடாதீங்க. அரிசி 2011 ஜூன்லருந்து இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் 25. "அந்த அரிசியை யாரு சாப்பிடுவா"ன்னு சொல்ற வீட்டுக்கு ஒரு வார்த்தை, அதை இட்லிக்கும் ஆப்பத்துக்கும் ஊற வெச்சுப் பாருங்க, எங்க வீட்டுல இட்லி அரிசின்னு தனியா வாங்கியே நாலு வருஷம் ஆச்சு.

காய்க்கு ஒரே பதில் தான் என்கிட்ட இருக்கு, மேரக்காய், அதான் சௌசௌ. முளைவிட்ட காயை ஒண்ணு வேலியோரம் சாச்சு வைங்க, கொஞ்சம் சாணி, நாலஞ்சு மாசத்துல வேலி தெரியாம மூடிடும், அப்புறம் கொடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து பறிக்கிறது தான் வேலை. கூட்டு, சாம்பார், பொரியல், தோலைச் சீவி தொவையல் கூட அரைக்கலாம். கூடவே ஒரு பாத்தி கீரை, ஒரு பாத்தி முள்ளங்கி. காட்டுப்பன்னி வர்ற இடம்னா உருளைக்கிழங்கு மட்டும் போடாதீங்க.

"அக்கவுண்ட்ல காசு தானா குறையுது"

பாஸ்புக்கைப் பதிஞ்சு ஒவ்வொரு வரியா கேளுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை 436ம் 20ம் போயிருந்தா அது பிரதமர் பேருல இருக்கிற ஆயுள், விபத்துக் காப்பீடு, ரெண்டு லட்சம் வரும், அதை நிறுத்தாதீங்க. தவணை எடுக்க வந்தப்ப பேலன்ஸ் இல்லாம திரும்பிப் போயிருந்தா பேங்க்லயும் அபராதம், கடன் குடுத்தவங்களும் அபராதம், அதனால தவணைத் தேதியை எலைப் பணம் வர்ற தேதிக்கு அப்புறமா மாத்திக் கேளுங்க. மினிமம் பேலன்ஸ் புடிச்சா அதை ஜீரோ பேலன்ஸ் கணக்கா மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க. போன்ல பிள்ளைங்க ஏதாவது ஆப் பார்க்க ஆட்டோபே போட்டிருந்தா அதே பேமெண்ட் ஆப்ல போய் நிறுத்திடலாம்.

"ஒரு ஆஸ்பத்திரிச் செலவு எல்லாத்தையும் கவுத்துடுது"

உடம்பு நல்லா இருக்கும்போதே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வைங்க, வருஷ வருமானம் 1,20,000க்குள்ளன்னா குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் வரும். படுத்ததுக்கு அப்புறம் வருமானச் சான்றுக்கு அலையறது ரொம்பக் கொடுமை. ஊட்டியில மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி 2025 ஏப்ரல்ல திறந்துட்டாங்க, கோயமுத்தூருக்கு வண்டி வெச்சு ஓடுறதுக்கு முன்னாடி அங்க பார்க்க முடியுமான்னு கேளுங்க. சுகர், பிரஷர் மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்துலயே மாசா மாசம் வாங்கலாம்.

"காசுப் பேச்சு எடுத்தாலே சண்டை"

சண்டை வருதுன்னா பெரும்பாலும் யாரோ ஒருத்தர் எதையோ மறைச்சு வெச்சிருக்காங்க, அது கெட்ட எண்ணத்துல இல்ல, பயத்துல. நோட்டு எழுதி முடிச்ச மாசக் கடைசியில, பிள்ளைங்க தூங்குனதுக்கு அப்புறம், அடுப்படியில உக்காந்து நான் கேட்டேன், "ஏங்க, கணக்குப்படி உங்க சம்பளத்துல மாசம் ஆயிரம் இடிக்குதே, எங்கயாச்சும் வாங்கி இருக்கீங்களா?" அவரு ரொம்ப நேரம் அடுப்பையே பார்த்துட்டு இருந்தாரு. அப்புறம் தான், "ஓனர்கிட்ட எட்டாயிரம் இருக்கு, போன வருஷம் அப்பா திவசத்துக்கு வாங்குனது, உன்கிட்ட சொன்னா வருத்தப்படுவேன்னு விட்டுட்டேன்"னாரு. எனக்குக் கோவம் தான் வந்துச்சு, ஆனா ஒண்ணும் சொல்லாம நோட்டை அவரு பக்கம் தள்ளி "இதுலயே எழுதுங்க"ன்னேன். எழுதுனாரு. நானும் என் அண்ணிகிட்ட வாங்குன மூவாயிரத்தை அப்ப தான் எழுதுனேன்.

அன்னைக்கு ராத்திரி புதுசா எதையும் முடிவு பண்ணாதீங்க, எழுதுறதோட நிறுத்திடுங்க. யாரு மேல தப்புன்னு ஆரம்பிச்சா அடுத்த மாசம் நோட்டைத் தொடவே மாட்டாங்க. பத்து வயசுக்கு மேல இருக்கிற பிள்ளைங்ககிட்ட "இந்த ரெண்டு மாசம் கொஞ்சம் டைட்டு, ஆகஸ்ட் தாண்டுனா சரியாயிடும்"னு சொல்லலாம், நாம சொல்லாம விட்டா அதுங்க நம்ம முகத்தைப் பார்த்து இதை விட மோசமா கற்பனை பண்ணிக்கும்.

"எல்லாம் பார்த்தாச்சு, ஓட்டையே இல்ல, வருமானம் தான் பத்தல"

அப்படியும் இருக்கும். நோட்டுல அரிசி, பஸ்ஸு, பீஸு, மருந்து தவிர ஒண்ணுமே இல்லைன்னா இன்னும் சிக்கனமா இருங்கன்னு உங்ககிட்ட சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. அந்த நிலைமையில செலவைக் குறைக்கிறதை நிறுத்திட்டு நமக்கு வர வேண்டியது எதாவது வராம இருக்கான்னு பாருங்க. மகளிர் உரிமைத் தொகை 1,000 வருதா? வருஷ வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள, வருஷக் கரண்ட் 3,600 யூனிட்டுக்குள்ளன்னு கண்டிஷன் இருக்கு, மேல சொன்ன ஹீட்டர் கணக்கை இதோட சேர்த்துப் பாருங்க. கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சு காலேஜ் போற பொண்ணுக்கு புதுமைப் பெண்ல மாசம் 1,000, பையனுக்கு தமிழ்ப் புதல்வன்ல 1,000. சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைங்கறது 2024லருந்து நம்ம மலைக்கும் வந்தாச்சு, மகளிர் விடியல்னு எழுதுன பஸ்ஸுக்காக கால் மணி நேரம் நிக்கிறதுல தப்பில்ல. சின்னப் பிள்ளைங்களுக்கு கவர்மெண்ட் ஸ்கூல்ல காலைச் சாப்பாடும் கெடைக்குது.

எது வரலையோ அதுக்கு மனு எழுதி திங்கக்கிழமை ஊட்டி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாள்ல குடுங்க. எழுதத் தெரியலைன்னா அங்க வாசல்லயே எழுதிக் குடுக்க ஆளு இருப்பாங்க, ஆனா முடிஞ்சா ஸ்கூல் படிக்கிற பிள்ளையை வெச்சு வீட்டுலயே எழுதிட்டுப் போங்க, நம்ம விஷயத்தை நம்ம வார்த்தையில எழுதுன மாதிரி வராது. ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் மூணும் ரெண்டு செட். மனு வாங்கிட்டு ஒரு நம்பர் குடுப்பாங்க, அதை துண்டுச்சீட்டுல விடாம நோட்டு அட்டையிலயே எழுதி வைங்க, அடுத்த தடவை போறப்ப அந்த நம்பரைத் தான் முதல்ல கேப்பாங்க.